முக்காலி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் உக்காந்து யோசிங்க

அக்டோபர் பொறந்து வடக்கே இருந்து பறவைங்க வர ஆரம்பிச்சதும் என் போனும் அடிக்க ஆரம்பிச்சிடும். "ஸ்கோப் வாங்கிட்டேன்பா. எடை கம்மியா, பைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு ட்ரைபாட் சொல்லு. கேமராவுக்கும் அதுவே ஆகணும்." வருஷா வருஷம் இதே கேள்விதான், கேக்குற ஆள்தான் வேற.

முன்னெல்லாம் நானும் பெரிய மேதாவி மாதிரி நாலு மாடல் பேரை எடுத்து விடுவேன். இப்ப அப்படிச் சொல்றதில்ல. பதிலுக்கு ஒரு கேள்வி கேக்குறேன்: "நின்னு பாப்பீங்களா, உக்காந்து பாப்பீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ட்ரைபாட் கேட்டா இவன் என்ன பந்தி பரிமாறுறவன் மாதிரி கேக்குறான்னு நினைப்பாங்க போல. ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் விளக்கித் தொண்டை வத்தினதுதான் மிச்சம். அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிடலாம்னு.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசியில எதுவும் குடுக்கல. குடுத்தா வாங்க மாட்டேன்னும் சொல்லல :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2019 ஜனவரி. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருநெல்வேலில இருந்து மூலைக்கரைப்பட்டி வழியா போனா கூந்தன்குளம். ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுற ஊர். 1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, 2022ல ராம்சார் பட்டியல்லயும் சேந்தாச்சு. எனக்கு அதெல்லாம் அப்புறம்தான் தெரியும். சின்ன வயசுல அப்பா பஸ்ல கூட்டிட்டுப் போயி, கரையில நிக்க வச்சி, "அந்தா பாரு, வரித்தலை வாத்து. இமயமலையத் தாண்டி வந்திருக்கு"ன்னு காட்டின இடம். அப்போ எங்ககிட்ட பைனாகுலர் கிடையாது. வாத்து இருக்குற திசை தெரியும், அவ்வளவுதான். தலையில இருக்குற ரெண்டு கருப்புப் பட்டையை நான் புஸ்தகத்துலதான் பாத்தேன். அப்பா அதைக்கூடப் பாத்தாரான்னு தெரியாது.

2019ல நிலைமை தலைகீழ். என்கிட்ட எல்லா சாமானும் இருக்கு, அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்திடுச்சி. காபி டம்ளரையே ரெண்டு கையாலதான் பிடிப்பார். எட்டு மடங்கு பைனாகுலரைக் கண்ணுல வச்சா உலகமே ஆடுதுன்னு ரெண்டே நிமிஷத்துல திருப்பிக் குடுத்திடுவார். அதுக்காகத்தான் 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போனேன். ஸ்கோப்புல ஒரு வசதி: கையே வைக்க வேணாம். பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு கண்ணை மட்டும் குடுத்தாப் போதும். கை நடுங்குறவங்களுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது.

ஆனா ஸ்கோப்பு நிக்கிறது ட்ரைபாட் மேல. அந்த ட்ரைபாட்? அலுமினியம், அஞ்சு மடிப்புக் கால், தலையோட சேத்து ஒரு கிலோவுக்கும் கம்மி. கடைசி மடிப்பு பேனா தடிமன்தான் இருக்கும். சென்னைல இருந்து ரயில்ல, பஸ்ல தூக்கிட்டு வர்றதுக்கு லேசா இருக்கட்டும்னு பாத்துப் பாத்து வாங்கினது. தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சொல்வாங்கல்ல, நான் பிடிச்ச முயலுக்கு நிஜமாவே மூணு கால். யார் என்ன சொன்னாலும் "எடையைப் பாரு எடையைப் பாரு"ன்னு பெருமை அடிச்சிட்டிருந்தேன்.

குளத்துக் கரையில நல்ல காத்து. அப்பாவும் நானும் நின்னு பாக்குற உயரத்துக்கு அஞ்சு மடிப்பையும் இழுத்தேன். அப்பவும் பத்தல. நடுத் தண்டையும் மேல ஏத்தினேன். தூரத்துல, முந்நூறு மீட்டர் இருக்கும், முப்பது நாப்பது வரித்தலை வாத்து. ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே வந்தவன் ஒரு வாத்துகிட்ட அப்படியே நின்னுட்டேன். கழுத்துல பச்சைக் கலர்ல பட்டை. அதுல வெள்ளை எழுத்து.

பறவை பாக்குறவங்களுக்கு இது என்னன்னு தெரியும். மத்தவங்களுக்காகச் சொல்றேன். மங்கோலியாவுல ஆராய்ச்சியாளர்கள் இந்த வாத்துங்களைப் பிடிச்சிக் கழுத்துல பட்டை மாட்டி விடுறதுண்டு. அப்படிப் பட்டை போட்ட வாத்துங்களைக் கர்நாடகத்து ஏரிகள்ல பல தடவை பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க. பட்டையில இருக்குற எழுத்தையும் எண்ணையும் படிச்சி எழுதி அனுப்பினா, அந்த ஒரு குறிப்பிட்ட வாத்து எங்க, எப்ப பட்டை போட்டதுன்னு கணக்கு வந்திடும். படிக்கலேன்னா அது வெறும் "பட்டை போட்ட ஒரு வாத்து". பதிவேட்டுல பேர் இல்லாத பையன் மாதிரி.

நான் படிக்கப் பாத்தேன். இருபது மடங்குல எழுத்து இருக்குறது தெரியுது, என்ன எழுத்துன்னு தெரியல. நாப்பதுக்குத் திருகினேன். காத்து அடிக்குது, படம் துள்ளுது. ஃபோகஸ் சக்கரத்தைத் தொட்டாலே வாத்து கட்டத்தை விட்டு வெளில போயிடுது. காத்து ஓயுற அந்த ஒரு செகண்டுல முதல் எழுத்து தெரிஞ்சது. கடைசி எண் 3ஆ 8ஆன்னு பிரிக்க முடியல. நடுவுல இருக்குறது சுத்தமா தெரியல. கால் மணி நேரம் மல்லு கட்டினேன். அப்புறம் எங்கயோ நாய் கொரைக்க, கூட்டமா எழும்பி காடன்குளம் பக்கம் போயிடுச்சிங்க.

நடுவுல அப்பாவையும் பாக்கச் சொன்னேன். கண்ணை வச்சார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நிமிர்ந்து, ஸ்கோப்பை ஒரு பார்வை, தன் கையை ஒரு பார்வை பாத்துட்டு, "எனக்குத்தான் கை ஆடுது. இதுக்கு என்னல வந்துச்சு?"ன்னார்.

சிரிச்சிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எழுநூறு கிராம் மிச்சம் பிடிக்கப் போயி, எதுக்காக அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்தேனோ அதையே கோட்டை விட்டிருக்கேன். கொசுவத்தி போதும், விஷயத்துக்கு வருவோம்.

ஏன் ஆடுது?

ஒரு சின்னக் கணக்கு. ட்ரைபாட் தலை ஒரு டிகிரில நூத்துல ஒரு பங்கு ஆடினா நம்ம கண்ணுக்கே தெரியாது. ஆனா முந்நூறு மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட அஞ்சு சென்டிமீட்டர் நகர்வு. பட்டையில இருக்குற எழுத்தே ரெண்டு விரல் அகலம் இருக்காது. அது அஞ்சு சென்டிமீட்டர் மேல கீழ ஆடினா எங்கேருந்து படிக்கிறது? கேமராக்காரங்க ஷட்டரை ஆயிரத்துல ஒரு செகண்டுக்கு வச்சி இந்த ஆட்டத்தை ஏமாத்திடலாம். கண்ணுக்கு ஷட்டர் கிடையாது. அதனாலதான் கேமராவுக்கு நல்லா இருக்குற ட்ரைபாட் ஸ்கோப்புக்குச் சொதப்புது.

அடுத்தது, கால் வளையுற விஷயம். ஒரு முனையைப் பிடிச்சி நிறுத்தின குழாயை மறு முனையில ஒரே பலத்தோட தள்ளினா, நீளம் ரெண்டு மடங்கு ஆகும்போது வளைவு எட்டு மடங்கு ஆகும். பள்ளிக்கூட அறிவியல்தான். திருப்பிப் போட்டுப் பாருங்க. நூத்தம்பது சென்டிமீட்டர் நீளத்தை நூறாக் குறைச்சா வளைவு மூணுல ஒரு பங்குக்கும் கீழ வந்திடுது. குழாய் தடிமனும் இதே மாதிரி. சுவர் ஒரே கனமா இருந்தா, 22 மில்லிமீட்டர் குழாயைவிட 28 மில்லிமீட்டர் குழாய் ரெண்டு மடங்கு விறைப்பு. ஆக, ட்ரைபாட்ல ரொம்ப பலவீனமான இடம் கடைசில இழுக்குற அந்த ஒல்லி மடிப்பும், மேல ஏத்துற நடுத் தண்டும். நடுத் தண்டை ஏத்தினா மூணு கால் மேல ஒத்தைக் கால் வச்ச மாதிரி. நான் ரெண்டையும் பண்ணியிருக்கேன்!

இப்ப நான் சொல்ல வர்றது இதுதான். எடை குறையணும்னா எதையாவது விட்டுக் குடுத்தே ஆகணும். ஒண்ணு விறைப்பை விடணும், இல்லேன்னா உயரத்தை விடணும், இல்லேன்னா பர்சை விடணும். கடைக்காரரும் விளம்பரமும் நமக்குத் தெரியாமலே விறைப்பை விட வைக்கிறாங்க. "ஒரு கிலோதான், அறுபது இஞ்ச் உயரம் வரும்"னு போட்டிருந்தா உஷாராயிடுங்க. ரெண்டும் சேந்து வருதுன்னா நடுவுல எதுவோ போயிருக்கு. நான் சொல்றது, உயரத்தை விடுங்க. அதாவது, உக்காருங்க.

உக்காந்தா என்ன ஆகும்?

என் உயரம் அஞ்சடி எட்டு. நின்னா கண்ணு தரையில இருந்து நூத்தி அறுபது சென்டிமீட்டர். ஒரு சின்ன மடக்கு ஸ்டூல்ல உக்காந்தா நூத்தி இருபதுக்குள்ள வந்திடும். நாப்பத்தஞ்சு டிகிரி சாஞ்ச கண்வில்லை இருக்குற ஸ்கோப்பா இருந்தா, காலும் தலையும் சேந்து நூறு, நூத்தஞ்சு போதும். நாலு மடிப்பு ட்ராவல் ட்ரைபாட்ல இந்த உயரத்துக்குக் கடைசி ஒல்லி மடிப்பைத் தொடவே வேணாம். நடுத் தண்டு பேச்சுக்கே இடமில்லை. அதே ட்ரைபாட்தான், நின்னு பாத்தப்ப ஆடுனது உக்காந்தா மலை மாதிரி நிக்குது.

இன்னும் சில லாபம் இருக்கு. தரை பக்கத்துல காத்து கம்மி. கரைமேல நட்ட கம்பம் மாதிரி ஒரு ஆள் நின்னா பறவைக்குப் பயம், உக்காந்த ஆளை அவ்வளவா கண்டுக்காது. உள்ளானுங்க தானாவே கிட்ட வரும். கிட்ட வந்தா நாப்பது மடங்கு எதுக்கு, இருபத்தஞ்சே போதும். கொசு உள்ளான்லயே கால் கருப்பா இருந்தா லிட்டில் ஸ்டின்ட், மஞ்சள் பச்சையா இருந்தா டெம்மிங்க்ஸ் ஸ்டின்ட். இந்தக் கால் கலர் பாக்குறதுக்கு எத்தனை பேர் கரையில நின்னு கண்ணைக் கசக்கிட்டிருக்கோம். உக்காந்து பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்க, அதுவே வந்து காலைக் காட்டிட்டுப் போகும்.

அப்புறம் ரொம்ப முக்கியமானது, உக்காந்தா நாம நிதானமாயிடறோம். நின்னு பாத்தா அஞ்சு நிமிஷத்துல அடுத்த இடம், அடுத்த இடம்னு கால் இழுக்கும்.

சரி, எதை வாங்குறது?

மாடல் பேர் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை அவங்க பேரை மாத்திடறாங்க. எதைப் பாக்கணும்னு மட்டும் சொல்றேன்.

1) கால். கார்பன் ஃபைபர் வாங்க வசதி இருந்தா அதையே வாங்குங்க. ஜிட்ஸோ கம்பெனி 1994ல கார்பன் ட்ரைபாட் கொண்டு வந்தப்ப அது பணக்காரங்க சாமான். இப்ப சீனக் கம்பெனிங்க புண்ணியத்துல நம்ம கைக்கு எட்டுற விலையிலயும் கிடைக்குது. எடை கம்மிங்கறது பாதி லாபம்தான். தட்டினா அதிர்வு சீக்கிரம் அடங்கும்ங்கறது மீதி. மேல் குழாய் 25ல இருந்து 28 மில்லிமீட்டர், நாலு மடிப்பு. அஞ்சு மடிப்பு வேணாம். அஞ்சாவது மடிப்பு பெட்டியில அடங்குறதுக்கே தவிர பறவை பாக்குறதுக்கு இல்ல. இந்த மாதிரி கால் ஒண்ணேகால், ஒன்றரை கிலோவுக்குள்ள கிடைக்கும்.

2) நடுத் தண்டு. இல்லாம வாங்க முடிஞ்சா ரொம்ப நல்லது. இருந்தா, கழட்ட முடியுமா பாருங்க. கழட்டி வீட்ல வச்சிடுங்க. எடையும் குறையும், ஏத்தணும்ங்கற ஆசையும் வராது :-)

3) தலை. எல்லாரும் எடையைக் குறைக்குற இடம் இது. குறைக்கவே கூடாத இடமும் இதுதான். குண்டுத் தலை, அதான் பால் ஹெட், போட்டோவுக்கு அருமை. ஸ்கோப்புக்குத் தலைவலி. கொஞ்சம் லூஸ் பண்ணினா ஸ்கோப் ஒரு பக்கமா சாஞ்சிடும். பறந்துக்கிட்டே இருக்குற ஆலாவைத் தொடர்ந்து போகவே முடியாது. ஒரே கைப்பிடியில மேல கீழயும் பக்கவாட்டுலயும் வழுக்கிட்டுப் போற சின்ன ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்க. அரைக் கிலோவை ஒட்டி கிடைக்குது. கால்ல மிச்சம் பிடிச்ச எடையை இங்க செலவு பண்ணுங்க.

4) தட்டு. தலையில இருக்குற பிடிப்பும் ஸ்கோப்போட அடிப்பாகமும் ஒத்துப் போகணும். ஆர்க்கா ஸ்விஸ் வகை பிடிப்பு இப்ப பரவலா ஆயிடுச்சி. கேமராவுக்கும் அதே மாதிரி தட்டு ஒண்ணு மாட்டிட்டா களத்துல ஸ்க்ரூ தேடி அலைய வேணாம். தட்டை மாட்டுற கால் இஞ்ச் திருகு ஒண்ணு எப்பவும் பர்ஸ்ல இருக்கட்டும். என்னைக்காவது ஒரு நாள் குல தெய்வம் மாதிரி காப்பாத்தும்.

5) எத்தனை கிலோ தாங்கும்னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கிறதை நம்பாதீங்க. எப்படி அளக்கணும்னு எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து போடுது. விழாம தாங்குறது வேற, ஆடாம தாங்குறது வேற.

இதுக்கு நானே கண்டுபிடிச்ச பரீட்சை ஒண்ணு. உங்க ஸ்கோப்பைக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. வாசல்ல வச்சி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூரத்துல நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட்டைப் பாருங்க. உங்களுக்கு வேண்டிய உயரத்துல வச்சி, நாப்பது மடங்குல. காலை ஒரு விரலால லேசா சுண்டுங்க. ஒண்ணு, ரெண்டு எண்ணுறதுக்குள்ள நம்பரைப் படிக்க முடிஞ்சா வாங்கலாம். நாலு எண்ணியும் ஆடிட்டிருந்தா, கடைக்காரர் டீ வாங்கிக் குடுத்தாலும் குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க. ஆன்லைன்ல வாங்குறவங்க திருப்பி அனுப்புற வசதி இருக்கான்னு பாத்துட்டு மொட்டை மாடியில இதே பரீட்சையை வைங்க.

கேமராக்காரங்க சண்டைக்கு வருவாங்க, தெரியும்

"அப்ப போட்டோவுக்கு?" சொல்றேன். இன்னைக்கு வர்ற கேமராவுலயும் லென்ஸ்லயும் ஆட்டத்தைக் குறைக்குற வசதி இருக்கு. பறவை படம் எடுக்க ஷட்டரை வேகமாத்தான் வைக்கிறோம். பறக்குறதை எடுக்க ட்ரைபாட் இடைஞ்சல். நூத்துக்குத் தொண்ணூறு படம் நான் கையில பிடிச்சித்தான் எடுக்குறேன். ட்ரைபாட் வேண்டியது வீடியோவுக்கும், விடியக்காலை வெளிச்சத்துக்கும், ஸ்கோப்புல போனை வச்சி எடுக்குறதுக்கும்தான். அதனால ரெண்டுக்கும் ஒரே ட்ரைபாட்னா ஸ்கோப்புக்கு ஏத்த மாதிரி வாங்குங்க, கேமரா அதுல சமாளிச்சிக்கும். மாத்தி வாங்கினா ஸ்கோப் சமாளிக்காது. போனை வச்சி எடுக்கும்போது பட்டனைத் தொடாதீங்க, ரெண்டு செகண்டு டைமர் போட்டு கையை எடுத்திடுங்க.

ராட்சச லென்ஸ் வச்சிருக்குற அண்ணாச்சிகளுக்கு இந்தப் பதிவு இல்லீங்க. அவங்களுக்கு ட்ரைபாடும் பெருசு, தூக்க ஆளும் உண்டு.

எடை எங்க இருக்கு?

ஒரு தடவை என் பையைத் தராசுல வச்சிப் பிரிச்சிப் பாத்தேன். ஸ்கோப் ஒண்ணேகால் கிலோ. கேமராவும் லென்ஸும் ரெண்டரை. பைனாகுலர் முக்கால். தண்ணி ரெண்டு கிலோ. புளியோதரை, பழம், குடை, பூச்சி மருந்து, ரெண்டு பறவைப் புஸ்தகம், மூணு சார்ஜர், "எதுக்கும் இருக்கட்டும்"னு வச்ச ஸ்வெட்டர் (கூந்தன்குளத்துல ஸ்வெட்டர்!) எல்லாம் சேத்து மூணு கிலோ. ட்ரைபாட்ல நானூறு கிராம் குறைக்க ஆயிரக்கணக்குல குடுக்கத் தயாரா இருக்குற நாம, இந்த மூணு கிலோவை ஒரு தடவைகூடக் கொட்டிப் பாக்குறதில்ல. முதல்ல ஸ்வெட்டரை எடுங்கப்பா.

உக்கார முடியாத இடமும் உண்டு

எல்லா இடத்துலயும் உக்கார முடியாதுதான். வேடந்தாங்கல் கரையில கூட்டம் இருக்கும். சில ஏரிக்கரையில நாணலும் சீமைக்கருவேலமும் மார் அளவுக்கு மறைக்கும். அங்க நின்னுதான் ஆகணும். அப்ப நாலாவது மடிப்பை வேண்டிய அளவு மட்டும் இழுங்க. இருபது, இருபத்தஞ்சு மடங்கோட நிறுத்திக்கோங்க. கார் இருந்தா அதோட மறைவுல நில்லுங்க. பையைக் கொக்கியில மாட்டுறவங்க, பை தரையைத் தொட்டுக்கிட்டு இருக்குற மாதிரி மாட்டுங்க. தொங்க விட்டா ஊஞ்சல் மாதிரி ஆடி, இருக்குற ஆட்டத்தையும் கூட்டும்.

கோபுரம்னா இன்னொரு கதை. காவல் கோபுரத்துல மேல நீங்க ஸ்கோப் வச்சிருக்கும்போது கீழ பள்ளிக்கூடப் பிள்ளைங்க படியேறினா எந்த ட்ரைபாடும் தாங்காது. பிள்ளைங்க வந்ததும் கண்ணை எடுத்துட்டு அவங்களைப் பாக்க விட்டுடுங்க. புண்ணியமாவது மிஞ்சும்.

காலைல ஒம்பது, பத்து மணிக்கு மேல வெயில் ஏறி தண்ணிக்கு மேல காத்து நெளிய ஆரம்பிக்கும். அந்தக் கானலுக்கு ட்ரைபாட்ல மருந்தே கிடையாது. படம் துள்ளினா ட்ரைபாட், படம் நெளிஞ்சா கானல். நெளிஞ்சா பொட்டியக் கட்டிட்டு இட்லி சாப்பிடப் போயிடலாம்.

சேறு, உப்புத் தண்ணியில கால் வைக்குறவங்களுக்கு ஒண்ணு. அங்க மட்டும் வழக்கத்தை மாத்தி, கடைசி ஒல்லி மடிப்பைக் கொஞ்சம் இழுத்து விட்டுடுங்க. பூட்டு தண்ணிக்கு மேல நிக்கும். உள்ள மணல் போனா திருகும்போதெல்லாம் நறநறன்னு பல்லு கூசும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, காலை நீட்டி வச்சிக் காய விடுங்க. மடக்கி உள்ள வைக்காதீங்க.

தரையில நேரா உக்காராதீங்க. முள், எறும்பு, நம்ம ஊர்ல பாம்பும் உண்டு. ஸ்டூல் வேணும். இங்கதான் தமிழ் நம்மைப் பாத்துச் சிரிக்குது. ட்ரைபாடுக்கு முக்காலின்னு பேர் வச்சோம். ஆனா நம்ம வீட்ல முக்காலின்னா என்ன? உக்கார்ற சாமான்தானே! மூணு கால் வச்ச மடக்கு முக்காலி அரைக் கிலோ சொச்சத்துல கிடைக்குது, மடக்கினா குடை மாதிரி பையோரத்துல நிக்கும். ட்ரைபாட்ல குறைக்காம விட்ட அந்த அரைக் கிலோவை இந்த முக்காலிக்குக் குடுங்கன்னுதான் சொல்றேன். வயசானவங்க கூட வர்றாங்கன்னா கொஞ்சம் உயரமானதா பாருங்க. ரொம்பத் தாழ்ந்திருந்தா எந்திரிக்கும்போது மூட்டு கத்தும்.

அடுத்த வருஷம், 2020 ஜனவரி, திரும்பக் கூந்தன்குளம் போனோம். புது ட்ரைபாட், தலையோட ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பழசைவிட ஒரு கிலோ கூட. தோள்ல அது தெரிஞ்சது, பொய் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு முக்காலி போட்டேன். ஸ்கோப்பை அவர் கண்ணு உயரத்துக்கு இறக்கி வச்சேன். கையை மடியில கோத்து வச்சிக்கிட்டார். கை மடியில ஆடிட்டுதான் இருந்தது. ஸ்கோப் ஆடல.

கால் மணி நேரம் எந்திரிக்கவே இல்ல. நடுவுல, "ஏல, தலையில ரெண்டு கருப்புப் பட்டை இருக்குல்லா?"ன்னார். இருக்குப்பான்னேன். "இத்தனை வருஷமா ஒனக்கு நான் பாக்காமலே சொல்லிட்டிருந்திருக்கேன்"னு சொல்லிட்டுத் திரும்பக் கண்ணை வச்சிட்டார்.

பச்சைப் பட்டை வாத்து வரல. அன்னைக்கும் வரல, அதுக்கப்புறம் நான் போன எந்த வருஷமும் கண்ணுல படல. அந்த நடு எண்ணும், 3ஆ 8ஆங்கற கேள்வியும் என் நோட்டுல அப்படியே கேள்விக்குறியோட இருக்கு. அழிக்கல. எவனாவது "ஒரு கிலோவுக்குள்ள சொல்லு"ன்னு போன் பண்ணும்போது அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வச்சிக்கிறேன்.

அதனால மக்கா, வாங்குங்க, லேசாவே வாங்குங்க. ஆனா கொஞ்சம் உக்காந்து யோசிச்சி வாங்குங்க. வாங்கினதுக்கு அப்புறமும் உக்காந்தே பாருங்க.